இரண்டாவது களவு

'ஏழை படும் பாடு' என்றவுடன் தமிழ் வாசகரின் நினைவுக்கு வருவது பாண் திருடி மறியலுக்குப் போன ஒருவனின் கதை. பிரெஞ்சு நாவலாசிரியர் விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட 'லே மிஸராப்ளே' என்னும் பெருநாவலைச் சுத்தானந்த பாரதியார் அப்பெயரில் தமிழாக்கினார். 1950இல் அது திரைப்படமாகவும் வந்தது. நாகையா கதாநாயகனாக நடித்த அப்படத்தில் பொலிஸ் அதிகாரியாகத் தோன்றிய சீதாராமன், அப்பாத்திரத்தின் பெயராலேயே பின்னர் 'ஜாவர்' சீதாராமன் என்று அழைக்கப்படலானார். இவ்வளவு தூரம் நம்மிடையே வேரூன்றிவிட்ட கதையைப் பற்றி இனிச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. நாம் பாணைக் கண்டு கண்ணீர் விட்டோம். நாவலின் அச்சாணியைக் காணாமல் விட்டோம்.

அதை எனக்குக் காட்டியவன் ஒரு மாணவன். மேல்வகுப்பு ஒன்றில் இக்கதையைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டு போனபோது, அப்பிள் திருடியதாகப் பிடிபட்ட கிழவனுக்கு ஆயுள் தண்டனை கிடைக்கவிருந்தது என்று சொன்னேன். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான். "சேர், முதற் களவுக்கு அவன் மறியலிலை இருந்திட்டான்தானே? இருந்து முடிச்சதுக்கு ஏன் திரும்பவும் தண்டனை?" என்று கேட்டான். "சட்டம் அப்படி" என்று கூறி மேலே சென்றுவிட்டேன். ஆசிரியன் சொல்லக்கூடிய பதில்களுள் அதுவே மிகக் கேவலமானது என்பதை வீடு திரும்பிய பின்னரே உணர்ந்தேன். அவனுக்கு நான் பட்ட கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் நாவல் தரும் கணக்கைப் பார்ப்போம். ஜீன் வால்ஜீன் மரக்கிளை தறிக்கும் கூலியாள். விதவைத் தமக்கையும் அவளுடைய ஏழு பிள்ளைகளும் அவனை நம்பி வாழ்கின்றனர். 1795ஆம் ஆண்டின் மாரியில் வேலையில்லை; வீட்டில் உணவில்லை. பேக்கரியின் கண்ணாடியை உடைத்து ஒரு பாணை எடுக்கிறான். தண்டனை ஐந்து ஆண்டுக் கடூழியம். அவனிடம் ஒரு துவக்கு இருந்ததும், களவாக வேட்டையாடும் பழக்கம் இருந்ததும் வழக்கில் அவனுக்குப் பாதகமாயின என்பதை ஹியூகோ குறிப்பிடத் தவறவில்லை. முதல் வழக்கிலேயே கடந்த காலம் சாட்சிக்கூண்டில் ஏறிவிட்டது. பின்னர் துலோன் சிறையிலிருந்து நான்கு முறை தப்ப முயல்கிறான். மூன்று, ஐந்து, மூன்று, மூன்று என ஆண்டுகள் கூடிக்கொண்டே போகின்றன. 1815இல் வெளியே வரும்போது கழிந்தவை 19 ஆண்டுகள். அவற்றுள் பாணுக்கு உரியவை ஐந்து. எஞ்சிய பதினான்கும் தண்டனை பெற்ற தண்டனை.

இது வரையுள்ள கதை இரக்கத்துக்குரியது. ஆனால் இரக்கம் எளிது. பசித்த குழந்தைகளுக்காகப் பாண் எடுத்தவனை மன்னிப்பதற்குப் பெரிய மனம் வேண்டியதில்லை. ஹியூகோவின் கலைத்துணிவு இதற்கு அடுத்த படியிலேயே வெளிப்படுகிறது. ஆயரின் கருணையால் வெள்ளிப் பாத்திரங்களும் விடுதலையும் பெற்றுக்கொண்டு செல்லும் வால்ஜீன், வழியில் வந்த ஓர் ஏழைச் சிறுவனின் நாற்பது சூ நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்துக்கொள்கிறான். இதற்குப் பசியைக் காரணங் காட்ட முடியாது. பறிகொடுத்தவனும் செல்வந்தனல்லன். குற்றமற்ற கதாநாயகனைப் படைத்துச் சட்டத்தைக் குறைகூறுவது எந்த மூன்றாந்தர எழுத்தாளனாலும் இயலும். ஹியூகோ தம் கதாநாயகனை மெய்யாகவே இரண்டாந் தடவை குற்றஞ் செய்தவனாக்கி நம் முன் நிறுத்துகிறார். 'இவனை என்ன செய்யப் போகிறீர்கள்?' என்பதே அவருடைய வினா. நாவலின் அச்சாணி பாண் அன்று, அந்த நாணயமே.

அக்காலப் பிரெஞ்சுச் சட்டத்திடம் இதற்கு ஆயத்தமான விடை இருந்தது. நெப்போலியன் ஆட்சியில் 1810இல் இயற்றப்பட்ட தண்டனைக் கோவையின் 56ஆம் பிரிவு ஓர் ஏணி போன்றது. பாரிய குற்றமொன்றுக்காக முன்னர் தண்டிக்கப்பட்டவன் மீண்டும் அத்தகைய குற்றம் புரிந்தால், இரண்டாங் குற்றத்துக்குரிய தண்டனைக்கு அடுத்த மேற்படியில் ஏற்றப்படுவான். குறித்த காலக் கடூழியம் ஆயுட்காலக் கடூழியமாகும். ஆயுட்காலக் கடூழியம் மரண தண்டனையாகும். அதே கோவை கைதியின் தோளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் எழுத்துக்களைப் பொறிக்கவும் இடந்தந்தது. அக்கொடுமை 1832இல் நீக்கப்பட்டது. தோலிலிருந்து எழுத்து நீங்கியதேயன்றிப் பதிவேட்டிலிருந்து நீங்கவில்லை.

இந்த ஏணியின் முழுக் கொடூரத்தையும் அராஸ் நகர வழக்கில் காண்கிறோம். சாம்ப்மாத்தியே என்னும் கிழவன் அப்பிள் காய்த்த கிளையொன்றுடன் பிடிபடுகிறான். நிலத்தில் கிடந்ததை எடுத்தேன் என்கிறான். வேறொருவனாயின் சில நாட் சிறையுடன் முடிந்திருக்கும். ஆனால் அவனே ஜீன் வால்ஜீன் எனப் பழைய கைதிகள் அடையாளங் காட்டுகின்றனர். ஜாவரும் அவ்வாறே சாட்சி சொல்கிறான். அந்தக் கணத்திலிருந்து நீதிமன்றத்தில் அப்பிளைப் பற்றிய பேச்சு பின்தள்ளப்படுகிறது. 'எடுத்தாயா?' என்பதன்று வினா, 'நீ யார்?' என்பதே வினா. ஒரே கிளை, ஒரே காய். கை மாறினால் குற்றத்தின் பெயரும் மாறுகிறது. செயலை விசாரிக்க வேண்டிய மன்றம் ஆளை விசாரிக்கிறது. நிறைக்க வேண்டிய பண்டத்தை விட்டுவிட்டுக் கொண்டுவந்தவனின் முகத்தைப் பார்த்து விலை கூறும் வியாபாரியை நாம் நேர்மையானவன் என்போமா?

இது பழங்கதை, பத்தொன்பதாம் நூற்றாண்டோடு ஒழிந்தது என்று கருதுவோர் கலிபோர்ணியாவைப் பார்க்க வேண்டும். அங்கு 1994இல் 'மூன்று அடி' எனப்படும் சட்டம் நிறைவேறியது. அமெரிக்கர் விளையாடும் பேஸ்போல் ஆட்டத்தில் மூன்று முறை அடி தவறியவன் களத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற விதியே அப்பெயருக்கு மூலம். மனித வாழ்வுக்கு ஆட்டவிதியை உவமையாக்கியதே அதன் மனப்பான்மையைக் காட்டும். பாரதூரமானவை அல்லது வன்முறையானவை எனச் சட்டம் வகுத்த இரு குற்றங்களுக்காக முன்னர் தண்டிக்கப்பட்டவன், மூன்றாவதாக எந்தப் பெருங்குற்றம் செய்யினும், குறைந்தது 25 ஆண்டு கழியாமல் விடுதலை கோர முடியாத ஆயுள் தண்டனை பெறுவான். இரண்டாங் குற்றத்துக்குத் தண்டனை இரட்டிக்கும். முதல் ஆண்டு ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்டதும், கொலைஞன் பழைய குற்றவாளி என்று தெரியவந்ததும் மக்களைக் கொதித்தெழச் செய்தன. அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் அத்துயரத்தின் பெயரால் ஆக்கப்பட்ட வலையில் விழுந்தவர் யாவர்?

ஒருவன் ஒன்று 399 டொலர் விலையுள்ள மூன்று கொல்ஃப் மட்டைகளைத் தன் காற்சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோகையில் பிடிபட்டான். முன்னர் வீடுடைத்தவன், கத்தி காட்டிப் பறித்தவன். அதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அவனுக்குக் கிடைத்தது 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. 37 வயதினனான மற்றொருவன் 1995இல் இரண்டு கடைகளில் ஒன்பது வீடியோ நாடாக்களைத் திருடினான். அவற்றின் மொத்த விலை 153 டொலர் 54 சதம். முன்னர் அவன் செய்தவை வீடுடைப்புகளும் சிறு களவுகளும் போன்றவை. இரு கடைகளுக்கும் தனித்தனியே 25 ஆண்டு. ஒன்றன்பின் ஒன்றாக 50 ஆண்டு. இவ்விரு தண்டனைகளும் அமெரிக்க அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2003 மார்ச் மாதத்தில் ஒரே நாளில் தீர்ப்பளித்தது. இரண்டிலும் ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். 1980இலேயே, டெக்சஸ் மாநிலத்தில் மூன்று மோசடிகளில் மொத்தம் 229 டொலர் 11 சதம் பெற்ற ஒருவனுக்கு விதித்த ஆயுள் தண்டனையையும் அம்மன்றம் ஐந்துக்கு நான்கு என்றே ஏற்றிருந்தது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையொன்றை 1983இல் தள்ளுபடி செய்தபோதும் வாக்குக் கணக்கு ஐந்துக்கு நான்குதான். ஒரு மனிதனின் வாழ்நாள் ஒரு நீதிபதியின் விரலசைவில் தொங்கிற்று.

நாடா திருடியவனின் வழக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. கடையில் சிறு பொருள் எடுப்பது சாதாரணமாகச் சிறு குற்றமே. ஆனால் முன்னர் களவுக்காகத் தண்டிக்கப்பட்டவன் எடுத்தால் அதைப் பெருங்குற்றமாகச் சாட்டலாம் என்றிருந்தது. அவ்வாறு பெருங்குற்றமாக உயர்த்திய பின், பழைய குற்றங்களை மீண்டும் எண்ணி அதை மூன்றாம் 'அடி'யாகவும் ஆக்கினர். கடந்த காலம் ஒரு முறை அன்று, இரு முறை தண்டனைக்கு உதவிற்று. அராஸ் நகரத்து அப்பிள், பசிபிக் கரையில் வீடியோ நாடாவாக உருமாறி நிற்பதை இங்கே காண்கிறோம்.

இச்சட்டத்தின் பின்கதையும் படிப்பினை நிறைந்தது. 2012இல் மக்கள் வாக்கெடுப்பொன்றில், 36ஆம் பிரேரணையின் மூலம், மூன்றாங் குற்றமும் பெரும்பாலும் பாரதூரமானதாக அல்லது வன்முறையானதாக இருத்தல் வேண்டும் எனத் திருத்தினர். 2014இல் சிறு களவு மீண்டும் சிறு குற்றமாக்கப்பட்டது. ஆனால் 2024 நவம்பரில், 36 என்ற அதே எண்ணைத் தாங்கிய வேறொரு பிரேரணையை அதே மாநில மக்கள் நிறைவேற்றி, களவுக்காக முன்னர் இரு முறை தண்டிக்கப்பட்டவனின் சிறு களவைப் பெருங்குற்றமாகச் சாட்ட வழி திறந்தனர். ஹியூகோவின் தாயகமும் விலக்கல்ல. பழைய குற்றவாளிகளைச் சிறைக்காலம் முடிந்த பின்னும் கயானாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் ஆயுட்காலத்துக்கு நாடுகடத்தும் சட்டம், அவர் மறைந்த 1885ஆம் ஆண்டு மே மாதத்திலேயே, அவர் மறைந்து ஒரு வாரத்துக்குள், பிறந்தது. அலைந்து திரிதல் என்ற ஏழைகளின் குற்றமும் அதன் கணக்கில் சேர்ந்தது. 2007இல் மீள்குற்றவாளிகளுக்குக் குறைந்தபட்சத் தண்டனை வகுத்த பிரான்ஸ், 2014இல் அதைக் கைவிட்டது. மக்கள் அச்சம் ஏறும்போது ஏணி நீள்கிறது. இறங்கும்போது ஓரிரு படிகள் கழற்றப்படுகின்றன. ஏணி மட்டும் அகற்றப்படுவதில்லை.

எதிர்த்தரப்பு நியாயத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொன்னால் நாமும் ஜாவர்களே. அவர்கள் கூறுவது இது: முதற் குற்றத்துக்குத் தண்டிக்கும்போது சமுதாயம் ஒருவனை எச்சரிக்கிறது. எச்சரிக்கையை மதியாதவன் முதல்வனிலும் கூடுதலான பழிக்கு உரியவன். மேலும், திரும்பத் திரும்பத் திருடுபவனின் கைக்கு அகப்படுவது மாளிகை அன்று. பெரும்பாலும் தொழிலாளியின் குடிசையும் சைக்கிளுமே. ஏழையைக் காக்கவும் சட்டம் வேண்டாமா? இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பறிகொடுத்த அந்தச் சிறுவனின் அழுகையையும் ஹியூகோ நமக்குக் கேட்கச் செய்திருக்கிறார். இரண்டாங் குற்றத்தை நீதிபதி கருத்திற் கொள்ளவே கூடாது என்று நான் வாதிடவில்லை.

ஆனால் மூன்று விடயங்கள் மனங்கொள்ளத்தக்கன. ஒன்று, அளவு. எச்சரிக்கையை மீறியதற்குச் சற்றுக் கூட்டுவது வேறு. ஒன்பது நாடாக்களுக்கு ஐம்பது ஆண்டு என்பது வேறு. கூட்டிய பகுதி மூலத்தை விழுங்குமாயின், தண்டிக்கப்படுவது களவு அன்று, களவெடுத்தவனின் இருப்பு. இரண்டு, வயது. களவும் சண்டையும் பெரிதும் இளமையின் குற்றங்கள். கால் நூற்றாண்டுத் தண்டனை ஒருவனை அவன் ஆபத்தற்றவனாகத் தளர்ந்த பின்னும் அடைத்து வைக்கிறது. மூன்று, பதிவேடு. பதிவேடு ஒருவன் செய்த குற்றங்களின் எண்ணிக்கை அன்று. அவன் அகப்பட்ட தடவைகளின் எண்ணிக்கை. பொலிஸின் கண் எந்தத் தெருவில் மேய்கிறதோ அந்தத் தெருவாரின் பதிவேடே தடிக்கிறது. திறமையான சட்டத்தரணியை அமர்த்த இயலாதவன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். அவனுக்கு ஒரு 'அடி'. ஆண்டுதோறும் தொழிற்சட்டத்தை மீறித் தண்டப்பணம் கட்டும் கம்பெனிக்கு எந்த ஆட்டத்திலும் மூன்றாவது அடி விழுவதில்லை. ஒரே அளவுகோல் என்று சொல்லப்படுவது ஒரு வர்க்கத்தின் முதுகை மட்டுமே அளக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மீள்குற்றவாளி எவ்வாறு உருவாகிறான் என்ற கேள்வி இருக்கிறது. விடுதலையான வால்ஜீனின் கையில் மஞ்சட் கடவுச்சீட்டு. அதைக் கண்ட விடுதிக்காரர் கதவடைக்கின்றனர். ஒரு நாட் கூலிக்கு வேலை செய்தால் மற்றவருக்குக் கொடுத்ததிலும் குறைவாகக் கொடுக்கின்றனர். முதல் தண்டனை முடிந்தது என்பது சட்டத்தின் பொய். வேலையையும் இருப்பிடத்தையும் மறுத்துவிட்டு, திரும்பவும் திருடினாயே என்று இரட்டைத் தண்டனை விதிப்பது, ஒருவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு நனைந்ததற்குக் குற்றஞ் சாட்டுவதற்கு ஒப்பாகும்.

இங்கே நாவலில் கூர்மையான ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. வால்ஜீன் எட்டு ஆண்டுகள் நேர்மையாக வாழ்கிறான்; தொழிற்சாலை நிறுவுகிறான்; நகரபிதா ஆகிறான். எப்படி முடிந்தது? பெயரை மறைத்தமையால் முடிந்தது. அதாவது, தான் திருந்திவிட்டதை நிரூபிப்பதற்கே அவன் இன்னொரு சட்டமீறலைச் செய்யவேண்டியிருந்தது. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து மஞ்சட் சீட்டை ஒவ்வோர் ஊரிலும் நீட்டியிருந்தால் அவன் திருந்தியிருக்கவே முடியாது. மெய்ப்பெயரைச் சொல்லிக் கிழவனைக் காத்த அறச்செயலுக்கு அவன் பெற்ற பரிசு மரண தண்டனை. அரசனின் கருணையால் அது ஆயுட்கால கடூழியமாயிற்று. எட்டு ஆண்டு நல்வாழ்வு தராசில் ஒரு குன்றிமணிக்கும் நிற்கவில்லை. நாற்பது சூ நாணயம் நின்றது.

ஆயினும் ஹியூகோவை நாம் கண்மூடித் துதிக்க வேண்டியதில்லை. ஆயரின் வெள்ளி விளக்குத்தண்டுகளால் ஒரு மனிதன் மாறலாம். ஓர் அமைப்பு மாறாது. தனிமனிதனின் மனச்சாட்சியிலே விடிவைத் தேடும் அவரது மனோரதியப் பார்வையின் எல்லை இது. ஆனால் அவருடைய கலை அவருடைய கொள்கையை விட நேர்மையானது. ஃபன்டீன் எங்கே வேலை இழக்கிறாள்? வால்ஜீனின் சொந்தத் தொழிற்சாலையிலேதான். திருமணமாகாமல் குழந்தை பெற்றவள் என்ற 'பழைய பதிவு' வெளிப்பட்டதும் மேற்பார்வைக்காரி அவளை முதலாளியின் பெயராலேயே துரத்துகிறாள். நல்ல முதலாளிக்கு அது தெரியாது. மஞ்சட் சீட்டால் துன்புற்றவனின் ஆலையே இன்னொருத்திக்கு மஞ்சட் சீட்டு வழங்குகிறது. முதலாளி நல்லவனாக இருப்பதால் மட்டும் ஆலை நல்லதாகிவிடாது என்பதை ஹியூகோ தம்மை அறியாமலோ அறிந்தோ எழுதிவிட்டார். இதனையே நாம் யதார்த்தத்தின் வெற்றி என்கிறோம்.

தமிழர் வரலாற்றில் இந்த ஏணிக்கு இன்னும் கொடிய வடிவம் இருந்தது. 1871இல் பிரித்தானியர் இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு முதற் குற்றமே தேவைப்படவில்லை, பிறப்பே போதுமானது. சென்னை மாகாணத்தில் 1911இன் பின் கள்ளர் முதலிய சமூகங்கள் மீது அது பாய்ந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றனர். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டனர். சட்டம் சென்னையில் 1947இலும் இந்தியா முழுவதும் 1952இலும் ஒழிந்தது. ஆனால் 1948இலேயே சென்னையில் வழக்கமான குற்றவாளிகள் பற்றிய சட்டம் இடத்தை நிரப்பிவிட்டது. சிறையிலே பிறந்தவனாக ஜாவரைப் படைத்த ஹியூகோவுக்கு, பிறப்பிலிருந்து ஓடுபவனே சட்டத்தின் வெறி பிடித்த காவலனாகிறான் என்பது புரிந்திருந்தது. எம் நாட்டிலும் மீண்டும் தண்டனை பெற்றோரைப் பொலிசார் 'ஐ. ஆர். சி.' என மூன்றெழுத்தில் குறிக்கின்றனர். பத்திரிகைகளும் அச்சொல்லை ஒருவனின் தொழிற்பெயர் போல் அச்சிடுகின்றன. தோளிற் சுட்ட எழுத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் எவ்வளவு?

இனி என் மாணவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் கேள்வி கேட்ட மறுவாரம் வகுப்பில் ஒரு பேனை காணாமற் போயிற்று. நான் ஒருவரையும் விசாரிக்கவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் என் கண் நேரே ஒரு பையனிடம் சென்றது. முதலாண்டில் அவன் ஒரு முறை பிடிபட்டவன். அதற்கு அடியும் வாங்கியவன். என் பார்வையை அவன் கண்டான். அவன் தானாகவே எழுந்து தன் புத்தகப் பையைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்துக் காட்டினான். பேனை அதற்குள் இல்லை. உரியவனின் கொப்பிக்குள்ளேயே இருந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன் தன் மஞ்சட் சீட்டைத் தானே எடுத்து நீட்டக் கற்றுக்கொண்டதற்கு எந்தப் பாராளுமன்றமும் சட்டம் இயற்றவில்லை. இயற்றியவர்கள் நாங்கள்.

ஆகவே பதில் இது: தம்பி, இருந்து முடித்த தண்டனை முடிந்ததே. இரண்டாங் குற்றத்துக்கு அக்குற்றத்தின் அளவுக்கே தண்டனை வேண்டும். பழையதைக் கருதினும் அது மூலத்தை விழுங்கக்கூடாது. குறித்த காலம் குற்றமின்றி வாழ்ந்தவனின் பதிவு அழிய வேண்டும். சிறையால் வருபவனுக்கு வேலையும் கூரையும் இருக்க வேண்டும். இவை கருணை அல்ல, நீதி. இவற்றைச் சட்டமாக்கப் போராடுவது உங்கள் தலைமுறையின் கடமை. 'சட்டம் அப்படி' என்று இனி எந்த வகுப்பிலும் சொல்லாதிருப்பது எங்கள் கடமை.